கட்டிலுக்கடியில் ஒரு தணல் சட்டி

சில வருடங்களுக்கு முன்னர், என் மூத்த மகள் பிறந்து இன்னும் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியாத ஒரு மார்கழி மாதம். இடம், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீட்டுக்குக் கிடக்கிற எங்கள் ஊர். மட்டக்களப்பில் குளிரா என்று வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சித்திரையில் வந்து வியர்த்துவிட்டுப் போனவர்கள். மாரியில் வந்து எங்கள் வீட்டுச் சீமெந்து நிலத்தில் ஒரு தரம் பாய் போட்டுப் படுத்துப் பார்த்தால் தெரியும்.

எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் வெக்கையைத் துரத்துவதற்காகக் கட்டப்பட்டவை. குளிரைத் துரத்த எங்களிடம் ஒரு வழியும் கிடையாது. சுவிட்சைப் போட்டால் வீடு சூடாகிற நாடுகள் இருக்கின்றனவாம். எங்களிடம் இருப்பது ஃபான் மட்டும்தான். அந்த மாரியில் மழை விடவே இல்லை. மழை கொஞ்சம் ஓய்ந்தால் வடக்கிலிருந்து ஒரு காற்று வரும், அது மழையைவிட மோசம். தலையணை ஈரம், போர்வை ஈரம், சுவரில் கை வைத்தால் கையும் ஈரம். தீப்பெட்டியை உரசினால் குச்சியின் மருந்து உதிர்ந்து விழுமே தவிரப் பற்றாது. தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துபோய், அம்மா அதை ஈர்க்கால் கிண்டிக் கிண்டி எடுத்துப் பிள்ளைக்குத் தடவினார். அப்பா வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைகளில் மாடுகள் குளிரில் விறைத்து விழுந்து சாகின்றன என்று. தண்ணீர் நிற்கும் வயலில் மாடுகள் வரிசையாகக் கிடக்கிற படங்கள் எல்லாருடைய போனுக்கும் வந்தன. அம்மா அந்தப் படத்தைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த என் மகளைப் பார்த்தார்.

“அவ்வளவு பெரிய மாடே சாகுதெண்டா, இந்தத் துண்டு எந்த மூலைக்குகா?” என்றார்.

அந்தப் பயம்தான் எல்லாவற்றையும் தொடக்கி வைத்தது.

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் கட்டினால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கென்று அப்பா அதே வளவுக்குள் புதிதாக ஒரு கல்வீடு கட்டியிருந்தார். அவர் ஆசை ஆசையாகப் பார்த்துச் செய்த வீடு: மேலே சீலிங், யன்னலுக்குக் கண்ணாடி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு கடதாசி போகாது. பின்னால் இருந்த பழைய ஓட்டு வீட்டில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அந்த ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கால் நிலவு தெரியும், கதவுக்குக் கீழால் பூனை வந்து போகும். பிள்ளைப்பெற்றவளை அங்கே வைத்தால் குளிர் அடிக்கும் என்று என்னைப் புது வீட்டின் நடு அறையில் கிடத்தினார்கள்.

பிள்ளைப்பெற்றவளின் கட்டிலுக்கடியில் தணல் சட்டி வைப்பது எங்கள் வழக்கம். சிரட்டைக்கரியைக் கனல வைத்து, சட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள். பச்சை உடம்புக்குச் சூடு வேண்டும், இடுப்பு இறுக வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். என்னைப் பெற்றபோது அம்மா கிடந்ததும் தணலுக்கு மேலேதான். ஆனால் அது அந்த ஓட்டு வீட்டில். அங்கே சட்டி வைத்தாலும் அதன் காற்றுப் போவதற்கு ஆயிரம் ஓட்டை இருந்தது. புது வீட்டில் அது இல்லை என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமில்லை, யன்னலுக்கு மேலே காற்றுக்கென்று வைத்த பூக்கல் துளைகளையும் அப்பா கதிரையில் ஏறி நின்று உரப்பையைச் சுருட்டிச் சுருட்டி அடைத்தார். அடைத்துவிட்டு இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, “இனி ஒரு குளிரும் வராது” என்றார். எனக்கு அப்போது அப்பா மேல் பாசமாக இருந்தது.

பிள்ளையின் துணி காயவில்லை என்பது இன்னொரு கரைச்சல். பிறந்த குழந்தை ஒரு பொழுதில் எத்தனை துணி நனைக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். வெயிலே இல்லாத ஊரில் எங்கே கொண்டுபோய்க் காயப்போடுவது? அம்மா இன்னொரு சட்டியில் தணல் போட்டு, அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் துணிகளை விரித்தார். அதுவும் அதே அறையில், மூலையில். கொஞ்சம் சாம்பிராணியும் தூவிவிட்டார். வெளியே ஊர் விறைத்துக்கொண்டு கிடந்தது, என் அறை மட்டும் இளஞ்சூட்டில் மணமாக இருந்தது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் போக மனமில்லாமல் இருந்தார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

கொடுத்து வைத்தவளுக்குத் தலை பிளந்தது. எழுந்து உட்கார்ந்தால் அறை சுற்றியது. எப்போது பார்த்தாலும் நித்திரை, நித்திரையால் எழும்பினால் நித்திரை கொண்ட அலுப்பு. பிள்ளைப்பெற்றவளுக்கென்று காய்ச்சும் சரக்குக் கறியின் மணம் பட்டாலே ஓங்காளம் வந்தது. கையைத் தூக்கிப் பிள்ளையை அணைப்பதே ஒரு வேலையாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். “பிள்ளை பெத்தா அப்பிடித்தான் புள்ள, எலும்பெல்லாம் கழண்டு பூட்டின உடம்பெல்லோ” என்றார். சரிதானே என்று நினைத்தேன். இதற்கு முன்னர் நான் பிள்ளை பெற்றதில்லை, இதுதான் அந்த அலுப்புப் போல என்று நம்பினேன். பெண்ணாய்ப் பிறந்தால் அலுப்பை என்னவென்று கேட்கக்கூடாது என்றுதானே எங்களை வளர்த்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. வெந்நீர் வார்ப்பதற்கு என்னைப் பின்பக்கக் கொட்டிலுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே குளிரில் பல்லுக் கிட்டும். ஆனால் தலையிடி குறைந்துவிடும், புத்தி தெளியும். “பாத்தியா, மருந்துத் தண்ணி வேலை செய்யுது” என்பார் அம்மா. திரும்ப அறைக்குள் வந்து படுத்தால் திரும்ப அதே பாரம்.

மகளோ தங்கமான பிள்ளை. அழவே மாட்டாள். முதல் வாரத்தில் வீட்டையே தூக்கித் தலையில் வைத்தவள், பிறகு பிறகு சத்தமே இல்லை. பால் குடிக்கத் தொடங்கிப் பாதியிலேயே தூங்கிப்போவாள். கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் போனில் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நித்திரைதான். “இப்பிடி ஒரு நல்ல பிள்ளையா!” என்று அவருக்குப் பெருமை. அவர் தன் தாயிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

என் மாமியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். மாமி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்காரி. வெல்லாவெளிக்கு உள்ளே, வயலும் மாடுமாக இருக்கிறவர். அவருக்கும் எங்கள் வீட்டுக்கும் அவ்வளவு ஒட்டாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மாமிக்குக் கதவு சாத்துகிற பழக்கம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்கதவு, பின்கதவு, குளிர்சாதனப் பெட்டியின் கதவு எல்லாம் ஆவென்று கிடக்கும். பஸ்ஸில் ஏறினால் மழை அடித்தாலும் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிடுவார், பக்கத்துச் சீட்டுக்காரர் நனைந்துகொண்டே சண்டை பிடிப்பார். அடைத்த இடத்தில் இருந்தால் அவருக்கு நெஞ்சு பதறுமாம். பிள்ளை பிறந்த புதிதில் வந்து பார்த்தபோதும் அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனார். “பிள்ளைப்பெத்த வீடு எண்ட நினைப்பும் இல்ல, மாட்டுப்பட்டி எண்டு நினைச்சிட்டாவாக்கும்” என்று அம்மா அவர் போன பிறகு முணுமுணுத்தார். நானும் அம்மாவோடு சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்குப் பகல் காற்று ஆளைத் தள்ளும்போல அடித்தது. கரண்டும் போய்விட்டது. அம்மா வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரி போட்டு இரண்டு சட்டியையும் கனல வைத்திருந்தார். அப்படிப்பட்ட மழையில், யாரும் எதிர்பார்க்காத நேரம், மாமி வந்து நின்றார். பட்டிருப்புப் பாலத்தடியில் பஸ் கிடைக்காமல் யாரோ ஒருவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறி வந்தாராம். தலை முதல் கால் வரை நனைந்து, காலெல்லாம் சேறு. மாமியின் மாடுகளும் செத்திருந்தன. மீதியைப் பக்கத்து வளவில் கட்டிப்போட்டு விட்டு வந்திருக்கிறார். அம்மா கொடுத்த மாற்றுச் சேலையை உடுத்து, தலையைத் துடைத்துக்கொண்டு நேரே என் அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தவில்லை.

அம்மா பின்னாலேயே வந்து சாத்தினார்.

மாமி ஒரு மூச்சு இழுத்தார். முகம் மாறியது. “என்னகா இது, வீடா சூளையா? எனக்கு மூச்சு முட்டுது” என்று கதவைத் திறந்தார்.

“மச்சாள், பச்சை உடம்புக்காரி கிடக்கிறா. காத்துப் பட்டாக் காய்ச்சல் பிடிச்சிரும்” என்று அம்மா திரும்பச் சாத்தினார்.

எனக்கு இது எல்லாம் தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. இரண்டு பேரும் போய்த்தொலைந்தால் நான் நித்திரை கொள்ளலாமே என்றுதான் எண்ணம். மாமி கட்டிலுக்குக் கிட்ட வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மகளைத் தொட்டார். காலைச் சுண்டினார். காதைத் தடவினார். பிள்ளை கண் திறக்கவில்லை. தூக்கினார். அவள் தலை மாமியின் கைக்கு மேலால் துணிபோலச் சரிந்தது.

அடுத்த நிமிடம் மாமி என் பிள்ளையை அள்ளித் தன் சேலைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கதவை உதைத்துத் திறந்து, வெளியே போய்விட்டார். வீட்டுக்குள் வேறு இடத்துக்கு அல்ல. அந்த மழையில், அந்தக் காற்றில், முன் விறாந்தைக்கு.

அம்மா கத்திய கத்தலை நான் இன்றுவரை மறக்கவில்லை. “மாடு செத்த குளிரில பிள்ளையைக் கொண்டு போறாவே! ஐயோ, ஆராவது வாங்களன்! மச்சாள், உங்களுக்கு விசரா? பிள்ளையைத் தாங்க!” அப்பா பழைய வீட்டிலிருந்து ஓடி வந்தார். விறாந்தையில் இரண்டு பேரும் மாமியிடமிருந்து பிள்ளையைப் பறிக்கப் பார்த்தார்கள். மாமி தோளால் அவர்களைத் தள்ளித் தள்ளி, திரும்பித் திரும்பி நின்றார். எனக்கு அது எல்லாம் திறந்த கதவால் தெரிந்தது. என் உடம்பில் அதுவரை இல்லாத கோபம் வந்தது. இந்த மனுஷி என் பிள்ளையைக் கொல்லப்போகிறா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எழும்பினேன். கால் இரண்டும் என்னுடையவை இல்லை. நாலு அடி வைத்திருப்பேனோ என்னவோ, அறை வாசலில் விழுந்தேன். விழுந்த இடத்திலேயே ஓங்காளித்துச் சத்தி எடுத்தேன். தலை வாசலுக்கு வெளியேயும் உடம்பு உள்ளேயுமாகக் கிடந்தேன். குளிர் காற்று முகத்தில் அறைந்தது.

அப்பா பிள்ளையை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். அம்மா யாரிடம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மாமி மட்டும் அசையவில்லை. பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே, “அழு புள்ள, அழு, அழுடி என்ர குஞ்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழைச்சத்தம்தான் கேட்டது. அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு வயது போன மாதிரி இருந்தது.

பிறகு ஒரு முனகல். பூனைக்குட்டி போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவள் அழத் தொடங்கினாள் பாருங்கள், முதல் வாரத்து அழுகை, வளவு முழுக்கக் கேட்கிற அழுகை. நான் வாசலில் கிடந்தபடி அழுதேன். அம்மா அப்படியே குந்திவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா வழி நெடுகக் குளிர் பிடித்துவிட்டது, குளிர் பிடித்துவிட்டது என்று புலம்பிக்கொண்டே வந்தார். டாக்டர் இளம் பிள்ளை. என் கண்ணைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என் சேலையை மோந்து பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்றார். “அறைக்குள்ள நெருப்பு வச்சிருந்தீங்களா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேள்வி.

மூடிய அறையில் கரி எரிந்தால் ஒரு நச்சுக் காற்று வருமாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை தெரியாததால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவோமாம். தலையிடி, ஓங்காளம், நித்திரை, பிறகு எழும்பாத நித்திரை. கைக்குழந்தையை அது பெரியவர்களைவிட வேகமாகப் பிடிக்குமாம். எனக்கும் மகளுக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று டாக்டர் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என் அலுப்புக்குப் பிள்ளைப்பேறு காரணமில்லை. என் மகள் அழாமல் கிடந்தது நல்ல பிள்ளை என்பதாலும் இல்லை. அவளுக்கு அழ ஏலாமல் இருந்திருக்கிறது.

அப்பா வெளியே போய் மர வாங்கில் குந்திவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். ஆசையாகத் துளை அடைத்த கை அல்லவா. அவரைத் தேற்ற என்னிடம் அப்போது தெம்பு இல்லை.

எனக்குக் கொஞ்சம் தெளிந்த பிறகு மாமியிடம் கேட்டேன், தணலால் வருவது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. மாமி என் கட்டிலுக்குப் பக்கத்து யன்னலைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். நேர்ஸ் ஏற்கனவே அதை ஒரு தரம் சாத்தியிருந்தார்.

“எனக்கென்ன தெரியும் மகள்? தணலைப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா. பிள்ளைக்குக் குளிர் பிடிச்சிட்டு எண்டுதான் நானும் நினைச்சன்” என்றார். “இவன் போன்ல சொன்னான், பிள்ளை அழுறதே இல்ல எண்டு. பெருமையாச் சொன்னான். கேட்ட கையோட வெளிக்கிட்டு வந்திட்டன். எங்கட மாட்டுக் கண்டுகள் குளிர்ல சாகக்குள்ள முதல்ல கத்துறத நிப்பாட்டிச்சுகள். சத்தம் போடாம படுக்குதுகள் எண்டு நான் நிம்மதியாக் கிடந்தன். விடியப் பாத்தா...”

பிள்ளையைத் தன் உடம்புச் சூட்டில் வைக்கத்தான் சேலைக்குள் எடுத்திருக்கிறார். ஆனால் அந்த அறைக்குள் அவரால் நிற்க முடியவில்லை. மூச்சு முட்டியிருக்கிறது. அதனால் வெளியே ஓடியிருக்கிறார். இதுதான் நடந்தது. மாமியின் கணக்கும் பிழைதான், எங்கள் கணக்கைப்போல. அவருடைய பிழை பிள்ளையை வெளியே கொண்டுவந்தது, எங்களுடையது உள்ளே வைத்து அடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா எங்களுக்கு முன்னரே போய் உரப்பை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்திருந்தார். சட்டிகள் இரண்டும் வேலிக்கரையில் கவிழ்ந்து கிடந்தன. அறை குளிர்ந்துபோய், ஈரமாய், மற்ற எல்லார் வீட்டையும்போல இருந்தது. துணிகளை அம்மா அடுப்படியில் கொடி கட்டிக் காயப்போட்டார். நாங்கள் கிடைத்த போர்வை, பழைய சுவெட்டர், அப்பாவின் சறம் எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டோம். மகளை மாறி மாறி நெஞ்சோடு வைத்துச் சூடு கொடுத்தோம். அம்மா மாமியிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஆட்கள் இல்லை நாங்கள். எனக்கென்று காய்ச்சிய சரக்குக் கறியில் ஒரு பங்கை மாமியின் சோற்றில் ஊற்றி, “தின்னுங்க மச்சாள், நீங்களும் நனைஞ்சு வந்தனீங்க” என்றார். மாமி தின்றார். தின்றுவிட்டுக் கை கழுவப் போகும்போது பின்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிச் சாத்தவில்லை.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த விறாந்தை அழுகையை இன்னும் நிறுத்தவில்லை என்றுதான் சொல்லவேண்டும். விடிந்தால் சத்தம், படுக்கும்வரை சத்தம். தம்பியோடு சண்டை, பாட்டு, ஓட்டம். நான் வேலைக்குப் போய், வந்து, சமைத்து, துவைத்து, மாரியில் காயாத துணியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் இருப்பேன். வாயை மூடு என்று சொல்ல வாய் வரும். வந்து அப்படியே நின்றுவிடும். மார்கழி பிறந்தால் மாமி வருவார், யன்னலை எல்லாம் திறந்துவிடுவார், நான் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது சுவெட்டரையும் எடுத்துப் போட்டுக்கொள்வேன். அவர் போன பிறகும் அவற்றைச் சாத்துவதில்லை. வீடு குளிர்ந்தால் குளிரட்டும், அவள் கத்தட்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நித்திரை வருகிறது.